“லென்ஸ்ல பார்த்தா தெரிஞ்சிடும்ல?” – லேப் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சளி டப்பாவோடு வருகிறவர்கள், பயாப்சி ரிப்போர்ட்டை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்று தெரியாமல் நிற்பவர்கள், மகனுக்குக் காய்ச்சல் என்று ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டுகிறவர்கள். இருபது வருஷத்துக்கும் மேலாக இவர்களுக்கெல்லாம் கவுண்டரில் நின்றபடியே பதில் சொல்லி வருகிறேன். நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். மைக்ராஸ்கோப்பில் என்ன தெரியும், என்ன தெரியாது என்ற சந்தேகம் மட்டும் ஆள் மாறினாலும் மாறுவதில்லை. அதனால் ஒரு தடவை எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். உங்கள் சொந்த ரிப்போர்ட்டுக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்தான்.

சிஸ்டர், லென்ஸ்ல வச்சுப் பார்த்தா என்ன வியாதின்னு தெரிஞ்சிடும்ல?

சில வியாதிகள் தெரியும், பல தெரியாது. சர்க்கரை, கொழுப்பு, யூரியா, தைராய்டு ஹார்மோன் எல்லாம் ரத்தத்தில் கரைந்திருப்பவை. காபியில் கரைந்துவிட்ட சர்க்கரையை எந்த லென்ஸ் வைத்தும் தேட முடியாது. அவற்றை ரசாயனம் சேர்த்து அளக்கிறோம். மைக்ராஸ்கோப் பக்கமே போவதில்லை.

உருவம் உள்ளதைத்தான் மைக்ராஸ்கோப் காட்டும்: ரத்த அணுக்கள், பாக்டீரியா, புழு முட்டை, மலேரியா ஒட்டுண்ணி, சதைத் துணுக்கில் செல்கள் அடுக்கியிருக்கும் விதம். எப்படி இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எந்த இடத்தில் இருக்கிறது, எந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று சொல்லலாம். பெயர் என்ன, எங்கிருந்து வந்தது, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதையெல்லாம் பெரும்பாலும் வேறு பரிசோதனைதான் சொல்ல வேண்டும். கீழே வரும் பதில்களில் முக்கால்வாசி இந்த ஒரே விஷயத்தின் வேறு வேறு முகங்கள்தான்.

எவ்வளவு சின்னது வரைக்கும் தெரியும்?

சாதாரண ஒளி மைக்ராஸ்கோப்பில் ஏறக்குறைய 0.2 மைக்ரான் வரை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒன்று ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான், சிவப்பணுவின் குறுக்களவு ஏழெட்டு மைக்ரான். அதாவது ஒரு முடியின் அகலத்தில் பத்துச் சிவப்பணுக்களை வரிசையாக வைக்கலாம். காசநோய்க் கிருமி 2 முதல் 4 மைக்ரான் நீளம்.

0.2 என்ற எல்லை லென்ஸ் செய்கிறவரின் திறமைக் குறைவால் வந்தது கிடையாது. ஒளி ஓர் அலை. அந்த அலைநீளத்தில் பாதிக்கும் குறைவான தூரத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தால் அவை ஒன்றாகக் குழம்பிவிடும். ஜெர்மனியின் யேனாவில் எர்ன்ஸ்ட் ஆபே 1873-லேயே இதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். ஒளிரும் சாயங்களை வைத்து இந்த எல்லையைத் தாண்டும் வழிகளைக் கண்டவர்களுக்கு 2014-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தக் கருவிகள் ஆராய்ச்சிக் கூடத்தில் இருப்பவை, நம் தெருமுனை லேபில் கிடையாது.

பையனுக்கு ஆன்லைன்ல 1600 மடங்கு பெருசாக்குற மைக்ராஸ்கோப் வாங்கினேன். உங்ககிட்ட இருக்கிறதே 1000 மடங்குதானாமே?

ஆமாம், எங்களுடையது 1000 மடங்குதான். கண் பக்கத்து லென்ஸ் 10, கீழே ஸ்லைடைத் தொடுகிற மாதிரி இறங்கும் லென்ஸ் 100. அந்த லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவோம். கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளைந்து சிதறுகிறது. கண்ணாடி மாதிரியே ஒளியை வளைக்கும் எண்ணெய் நடுவில் இருந்தால் அந்தச் சிதறல் இருக்காது.

போனில் எடுத்த ஒரு போட்டோவை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓர் அளவுக்கு மேல் படம் பெரிதாகும், புதிதாக எதுவும் தெரியாது. அந்த 1600-ம் அப்படித்தான். பையன் வெங்காயத் தோலையும் குட்டைத் தண்ணீரையும் பார்க்கட்டும், அதற்கு 100 மடங்கே தாராளம். பையனுடையதைவிடச் சின்னக் கருவியிலேயே பெரிய வேலை நடந்திருக்கிறது: ஹாலந்தின் டெல்ஃப்ட் ஊரில் ஜவுளி வியாபாரம் செய்த லேவன்ஹுக், 1670-களில் ஒற்றை லென்ஸை வைத்துக்கொண்டே பாக்டீரியாவைப் பார்த்துவிட்டார்.

படத்துல செல்லெல்லாம் ஊதாவும் பிங்க்குமா அழகா இருக்கே, நம்ம உடம்புக்குள்ள அப்படியா இருக்கு?

இல்லை. பெரும்பாலான செல்கள் கண்ணாடி மாதிரி நிறமற்றவை. வெறும் ஸ்லைடைப் பார்த்தால் தண்ணீரில் ஐஸ் துண்டைத் தேடுகிற கதைதான். அந்த நிறமெல்லாம் நாங்கள் ஏற்றுவது. ஊதா தருவது ஹிமடாக்சிலின், மெக்சிகோ பக்கத்து ஒரு மரத்தின் கட்டையிலிருந்து வருகிற சாயம். செல்லின் கரு அதைப் பிடித்துக்கொள்ளும். பிங்க் தருவது இயோசின்.

எந்தச் சாயம் போடுகிறோமோ அதற்கேற்றதுதான் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது. காசநோய்க் கிருமியின் மேல் மெழுகுப் பூச்சு மாதிரி ஒன்று உண்டு. சாதாரணச் சாயம் அதற்குள் சரியாக இறங்காது. சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஸ்லைடுக்கு அடியில் தீயைக் காட்டி ஆவி வரும்வரை சூடாக்க வேண்டும்; கொதிக்க விடக் கூடாது. அப்புறம் அமிலத்தை ஊற்றினால் மற்றதெல்லாம் வெளுத்துவிடும். மெழுகுக்காரன் மட்டும் சிவப்பை விடமாட்டான். கடைசியில் நீலம் ஊற்றினால், நீலத் தரையில் சிவப்புக் குச்சிகள்.

டெங்குங்கிறீங்க. அந்தக் கிருமிய ஒரு தடவ காட்டுங்களேன், பார்த்துட்டு நம்புறேன்.

காட்ட முடியாது. டெங்கு வைரஸ் சுமார் 50 நானோமீட்டர், அதாவது 0.05 மைக்ரான். மேலே சொன்ன 0.2 எல்லையில் கால் பங்கு. ஒரு சிவப்பணுவின் குறுக்கே 150 டெங்கு வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம். வைரஸைப் பார்க்க எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும். ஒளிக்குப் பதிலாக எலெக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தும் அந்தக் கருவியை ஜெர்மனியில் ருஸ்காவும் நோலும் 1931-இல் செய்தார்கள். மாதிரியை வெற்றிடத்தில் வைக்க வேண்டும் என்பதால் வழக்கமான முறையில் உயிரோடு எதையும் பார்க்க முடியாது. படமும் கறுப்பு வெள்ளைதான். டிவியில் வந்த சிவப்புக் கொரோனா பிறகு வண்ணம் தீட்டியது.

அதிலும்கூட வடிவத்தை வைத்து “கொரோனா குடும்பம்” என்று சொல்லலாமே தவிர, அந்தக் குடும்பத்தில் எந்தப் பிள்ளை என்று சொல்வது கஷ்டம். 2020-இல் புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம், இந்தியாவில் முதலில் தொற்று உறுதியான கேரள நோயாளியின் தொண்டைச் சளியிலிருந்து வைரஸைப் படம் எடுத்தது. 75 நானோமீட்டர் துகள் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அது எந்த வைரஸ் என்பதை முன்பே மரபணுச் சோதனை சொல்லியிருந்தது. டெங்குவுக்கும் வைரஸின் புரதத்தையோ, அதற்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளையோதான் ரத்தத்தில் தேடுகிறோம்.

மெஷின்ல பிளேட்லெட் 38 ஆயிரம்னு வந்துச்சு, வீடே அழுதுச்சு. மறுபடி பார்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரம்ங்கிறீங்க. எது பொய்?

மெஷினும் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்ததைச் சொன்னது. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து தடவியிருக்கும். சிலருடைய ரத்தத்தில், அந்த மருந்து பட்டதும் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகிவிடும். உடம்புக்குள் இது நடப்பதில்லை, குழாய்க்குள் மட்டும்தான். மெஷின் தனித்தனித் தட்டணுவை எண்ணுவது. கொத்தை அது கணக்கில் சேர்க்காது. ஸ்லைடின் ஓரத்தில் பார்த்தால், தாளித்த கடுகைக் கொட்டிய மாதிரி கொத்துகள் தெரியும். நீல மூடிக் குழாயில் வேறு மருந்து. அதில் மறுபடி எடுத்து எண்ணினால் பெரும்பாலும் சரியான கணக்கு வந்துவிடும்.

இந்த ஓர் இடத்தில் மெஷினைவிடக் கண் மேல் என்று அடித்துச் சொல்வேன். பிளேட்லெட் திடீரென்று குறைவாக வந்து, ஆள் தெம்பாக நடமாடிக்கொண்டிருந்தால், “ஸ்மியர் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். ஸ்மியர் என்றால் ஸ்லைடில் தடவிய ரத்தப் பூச்சு. கேட்பதில் தப்பே இல்லை.

சளி டெஸ்ட் நெகடிவ். அப்ப டி.பி. இல்லதானே?

அந்த ஸ்லைடில் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் ஸ்லைடில் கண்ணில் படும். லென்ஸில் ஒரு நேரத்தில் தெரியும் இடத்தை வட்டம் என்போம்; நெகடிவ் என்று எழுதுவதற்கு முன் நூறு வட்டங்களையாவது பார்த்தாக வேண்டும். அவசரமாக முப்பது வட்டத்தோடு எழுந்துவிடுகிற ஆளும் உண்டு, என்ன செய்ய. சளிக்குப் பதிலாக எச்சிலைத் துப்பிக் கொடுத்தாலும் நெகடிவ்தான் வரும். காலையில் எழுந்ததும் ஆழ இருமி எடுத்ததைக் கொடுங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது அதற்காகத்தான். குழந்தைகளுக்கும், நுரையீரலுக்கு வெளியே நோய் இருப்பவர்களுக்கும் சளியில் கிருமி தெரியாமல் போவது சகஜம்.

அரசு ஆஸ்பத்திரிகளில் சிபிநாட் என்று ஒரு மெஷின் இருக்கிறது. கிருமியின் மரபணுவைப் பெருக்கித் தேடும், மிகக் குறைவாக இருந்தாலும் பிடித்துவிடும், சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். ரிஃபாம்பிசின் என்ற டி.பி. மருந்துக்கு அடங்குமா என்பதையும் சேர்த்துச் சொல்லும். ஸ்லைடில் மருந்துக்கு அடங்கும் கிருமியும் அடங்காத கிருமியும் ஒரே சிவப்புக் குச்சிதான். ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் இந்தக் குச்சியை உலகுக்கு அறிவித்தபோது அது பெரிய விஷயம். இன்று அது முதல் படி.

மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டேன். சளியில இன்னும் பூச்சி தெரியுதுங்கிறாங்களே?

ஸ்லைடில் உயிருள்ள கிருமியும் செத்த கிருமியும் ஒரே மாதிரிதான் சாயம் பிடிக்கும். சில சமயம் தெரிவது செத்தவையாக இருக்கலாம். மேலே சொன்ன சிபிநாட்டும் செத்த கிருமியின் மரபணுவைக் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் அது இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காது. உயிர் இருக்கிறதா என்று தெரிய ஒரே வழி வளர்த்துப் பார்ப்பது. இது மெதுவாகப் பெருகும் கிருமி என்பதால் பல வாரம் பிடிக்கும். அதுவரை “செத்ததுதான்” என்று நீங்களே முடிவு செய்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் இருக்கலாம்.

மலேரியாவுக்கு நேத்துதான் ரத்தம் எடுத்தாங்க, இல்லைன்னு வந்துச்சு. இன்னிக்கு மறுபடி ஏன்?

ஒரு கணக்கு. உங்கள் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம். ஸ்லைடில் ரத்தத்தைத் தடிப்பாகத் தடவிய பூச்சில் நூறு வட்டம் பார்த்தால் நான் பார்த்தது கால் மைக்ரோலிட்டர், இரண்டு கோடியில் ஒரு பங்கு. ஒட்டுண்ணி குறைவாக இருந்தால் தப்பிவிடும். ஃபால்சிபாரம் என்ற மலேரியா வகையில் இன்னொரு சிக்கல்: வளர்ந்த ஒட்டுண்ணி இருக்கும் சிவப்பணுக்கள் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். விரல் நுனியில் ஊசி போட்டால் அவை எப்படி வரும்? வைவாக்ஸ் வகை கல்லீரலில் மாதக்கணக்கில் தூங்கும். அதை எந்த ரத்த ஸ்லைடும் காட்டாது.

ஆனால் கண்ணில் பட்டுவிட்டால் மைக்ராஸ்கோப் மாதிரி வராது. எந்த வகை, எந்தப் பருவம், எவ்வளவு அடர்த்தி, மருந்து கொடுத்த பிறகு குறைகிறதா, எல்லாம் ஒரே ஸ்லைடில். வாழைப்பழ வடிவம் தெரிந்தால் ஃபால்சிபாரம். சிவப்பணு ஊதிப்போய் உள்ளே பொடிப் புள்ளிகள் இருந்தால் வைவாக்ஸ்.

யானைக்கால் டெஸ்டுக்கு ஏன் ராத்திரி பத்து மணிக்கு மேல வந்து எழுப்புறாங்க?

யானைக்கால் ஒரு புழுவால் வருவது. நம் ஊரில் இருக்கும் வகையின் குட்டிப் புழுக்கள் பகலில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் பதுங்கியிருந்துவிட்டு, அதைப் பரப்பும் கொசு கடிக்கிற நேரத்துக்குத்தான் தோல்பக்க ரத்தத்துக்கு வரும். பகலில் எடுத்தால் ஸ்லைடு சுத்தமாக இருக்கும். கால் வீங்கி வருஷங்களான பிறகு எடுத்தாலும் பெரும்பாலும் புழு கிடைக்காது.

யூரின்ல பஸ் செல் 8-10 எச்.பி.எஃப்.னு போட்டிருக்கே, சீழ் இறங்குதா?

பெயர்தான் பயமுறுத்துகிறது. அவை வெள்ளையணுக்கள். 40 லென்ஸில் தெரியும் ஒரு வட்டத்துக்குச் சராசரியாக எட்டு முதல் பத்து என்று அர்த்தம். தொற்று இருக்கலாம் என்பதற்கு ஒரு குறிப்பு. எந்தக் கிருமி, எந்த மருந்து என்பதற்கு கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்ய வேண்டும்.

மோஷன் டெஸ்ட்ல அமீபா இருக்குன்னாங்க. ஆனா எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே?

நல்ல கேள்வி. குடலைப் புண்ணாக்கும் அமீபாவுக்கு அச்சு அசல் இரட்டைப் பிறவி மாதிரி, தீங்கு செய்யாத ஓர் அமீபா உண்டு. அமீபா தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூடுகளை வைத்து இரண்டையும் மைக்ராஸ்கோப்பில் பிரிக்கவே முடியாது. சூடு ஆறாத மாதிரியில், சிவப்பணுவை விழுங்கிய அமீபா நகர்வதைப் பார்த்தால் மட்டும் கெட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். பல வருஷமாகப் பலர் தேவையில்லாமல் மாத்திரை விழுங்கியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

பயாப்சி ரிப்போர்ட்டுக்கு ஏன் இத்தன நாள்? ஒரு துணுக்கைப் பார்க்க அஞ்சு நிமிஷம் போதாதா?

பார்க்க ஐந்து நிமிஷம் போதும் என்றே வைத்துக்கொள்வோம். பார்க்கும் நிலைக்குக் கொண்டுவரத்தான் நாளாகிறது. சதை முதலில் ஃபார்மலினில் ஊற வேண்டும், இல்லாவிட்டால் அழுகிவிடும். பிறகு ஆல்கஹாலில் அதன் தண்ணீரையெல்லாம் உறிஞ்சி, அந்த இடத்தில் உருகிய மெழுகை ஏற்றி, கட்டியாக உறைய வைக்கிறோம். அந்தக் கட்டியை மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவ வேண்டும். சீவல் வெதுவெதுப்பான தண்ணீரில் பாலாடை மாதிரி மிதக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணாடித் தகட்டைச் சாய்த்து உள்ளே விட்டு, சுருக்கம் விழாமல் ஏந்தி எடுக்க வேண்டும். ஃபேன் ஓடினால் போச்சு. அப்புறம்தான் சாயம், அதற்கும் அப்புறம்தான் ஸ்லைடைப் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டரான பேத்தாலஜிஸ்ட்டின் மேஜை. ஆபரேஷன் நடக்கும்போதே உறைய வைத்துச் சீவி இருபது நிமிஷத்தில் சொல்லும் முறையும் உண்டு. அதில் தெளிவு குறைவு.

ஒரு முறை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து கர்ப்பப்பைத் துணுக்கைக் குழாய்த் தண்ணீரில் போட்டு அனுப்பிவிட்டார்கள், அதுவும் ஒரு ராத்திரி கழித்து. செல்லெல்லாம் ஊதி வெடித்துக் கிடந்தது. அந்த அம்மாவுக்கு மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. உலகத்திலேயே உயர்ந்த மைக்ராஸ்கோப் இருந்தாலும் அந்தத் துணுக்கில் ஒன்றும் தெரிந்திருக்காது.

ஊசி குத்தினா கேன்சர் பரவிடும்னு சொல்றாங்களே?

மார்பு, கழுத்துக் கட்டிகளில் மெல்லிய ஊசி போட்டுச் செல்களை எடுப்பதால் அப்படி நடப்பது மிக மிக அரிது. ஒருசில உறுப்புகளில் மட்டும் டாக்டர்கள் ஊசியைத் தவிர்ப்பார்கள், அதை அவர்களே சொல்வார்கள். இந்தப் பயத்தால் ஆறு மாதம் தள்ளிப்போட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

தைராய்டு கட்டியில ஊசி போட்டாங்க. “உறுதியாகச் சொல்ல இயலாது, ஆபரேஷன் தேவைப்படலாம்”னு எழுதியிருக்காங்க. சொல்லத் தெரியலன்னா எதுக்கு டெஸ்ட்?

ஆட்டை மட்டும் பிடித்துவந்து நிறுத்தி, “இது வேலி தாண்டிய ஆடா?” என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வேலியைப் போய்ப் பார்க்க வேண்டும். தைராய்டில் ஃபாலிக்குலர் வகைக் கட்டி அப்படிப்பட்டது. சாதாரணக் கட்டியிலும் புற்றுநோய்க் கட்டியிலும் செல்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம், கட்டியைச் சுற்றியுள்ள உறையையோ ரத்தக்குழாயையோ செல்கள் துளைத்துப் போயிருக்கின்றனவா என்பதில். ஊசி செல்களை உறிஞ்சிக் கொண்டுவரும், உறையைக் கொண்டுவராது. ஆகவே கட்டியை எடுத்து, அதன் ஓரம் முழுக்கச் சீவிப் பார்த்தால்தான் தெரியும். அப்படி எடுத்ததில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டியாகவே முடிகின்றன. தெரியாததைத் தெரியாது என்று எழுதிய டாக்டரை நம்பலாம் என்பேன்.

மகனுக்கு முகமெல்லாம் வீக்கம், யூரின்ல புரதம் கொட்டுது. கிட்னி பயாப்சில “நார்மல்”னு வந்திருக்கே, மாத்தி எழுதிட்டாங்களா?

மாற்றி எழுதியிருக்க வேண்டியதில்லை. அந்த நோயின் பெயரிலேயே “மிகக் குறைந்த மாற்றம்” என்றுதான் இருக்கிறது. ரத்தத்தை வடிகட்டும் இடத்தில் சில செல்கள் விரல்களைக் கோத்த மாதிரி நிற்கும். அந்த விரல்கள் தட்டையாகிவிட்டால் புரதம் ஒழுகும். அவை ஒளி மைக்ராஸ்கோப்புக்கு எட்டாத நுணுக்கம், எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பயாப்சியே செய்யாமல் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பதும் இதனால்தான். மருந்து கேட்காவிட்டால்தான் பயாப்சி ஊசி.

பரம்பரை வியாதிய லென்ஸ்ல பார்க்கலாமா?

விளைவைப் பார்க்கலாம், காரணத்தைப் பார்க்க முடியாது. அரிவாள் செல் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இது இருப்பது 1952-லேயே பதிவானது. நோய் முற்றாக உள்ளவரின் ஸ்லைடில் அரிவாள் மாதிரி வளைந்த சிவப்பணுக்கள் தெரியும். காரணமோ ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் 146 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று மாறியிருப்பது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தவருக்கு ஸ்லைடு சாதாரணமாகவே இருக்கும். கல்யாணத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவர் அவர்தான். அவருக்கு ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை செய்ய வேண்டும்.

மண்டபத்துல முகாம் போட்டாங்க. ஒரு சொட்டு ரத்தத்த டிவியில காட்டி, அணுவெல்லாம் காசு அடுக்குன மாதிரி ஒட்டியிருக்கு, ரத்தம் கெட்டுப்போச்சுன்னு பவுடர் கொடுத்தாங்க.

காசைத்தான் அடுக்கினார்கள். சொட்டு கொஞ்சம் தடிப்பாக இருந்தால் யாருடைய சிவப்பணுவும் அப்படி அடுக்கிக்கொள்ளும். என்னுடையதும், முகாம் நடத்தியவருடையதும்தான். குதித்துக்கொண்டிருந்த பொடிப் புள்ளிகளைக் “கிருமி” என்றார்களா? சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் மிதக்கும் கொழுப்புத் துளிகள் கறுப்புப் பின்னணியில் அப்படித்தான் மினுங்கும். பவுடர் சாப்பிட்டு இரண்டாம் முறை போகும்போது சொட்டை மெல்லிசாக வைத்தால் “சரியாகிவிட்டது”. நாணய அடுக்குக்கு நிஜமான அர்த்தமும் உண்டு, ரத்தப் புரதம் சில நோய்களில் ஏறும்போது. ஆனால் அதைச் சாயமேற்றிய மெல்லிய பூச்சில், சரியான இடத்தில் பார்த்து, புரதச் சோதனையோடு சேர்த்துத்தான் சொல்வார்கள்.

அப்ப கண்ணுக்குத் தெரிஞ்சா கண்டுபிடிச்சிடுவாங்க, அதாவது உறுதியா?

அதுவும் இல்லை. அல்சர் என்றால் காரமும் கவலையும் என்றே ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரைப்பைத் துணுக்கில் வளைந்த பாக்டீரியாவைப் பலர் அதற்கு முன்பே பார்த்திருந்தார்கள், பொருட்படுத்தவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற பேத்தாலஜிஸ்ட் 1979-இல் அதை விடாமல் கவனித்தார். பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார், அந்தக் கிருமியைத் தானே குடித்தும் பார்த்தார். அல்சருக்கு அந்தக் கிருமி காரணம் என்று காட்டியதற்காக 2005-இல் இருவருக்கும் நோபல். கிருமி என்னவோ அத்தனை வருஷமும் ஸ்லைடில்தான் இருந்தது.

ரெண்டு இடத்துல ரெண்டு மாதிரி பயாப்சி ரிப்போர்ட். யாரை நம்புறது?

முதலில், இரண்டு பேரும் ஒரே துணுக்கைத்தான் பார்த்தார்களா என்று கேளுங்கள். கட்டியின் ஒரு மூலையில் ஒன்றும் இன்னொரு மூலையில் வேறொன்றும் இருக்கலாம். ஊசி போன இடம்தான் ரிப்போர்ட். ஒரே துணுக்கென்றாலும் எல்லைக்கோட்டில் நிற்கும் மாற்றங்களைத் தேர்ந்த இருவர் வேறு வேறாகப் படிப்பது நடக்கும். அப்போது குறிப்பிட்ட புரதங்களுக்கு மட்டும் நிறம் ஏறும் சிறப்புச் சாயங்களைப் போட்டுப் பார்ப்பார்கள்.

மூன்றாவது கருத்துக்குப் போகிறீர்கள் என்றால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், கையெழுத்துப் போட்டால் தருவார்கள். ஸ்லைடுக்குப் பிளாஸ்டிக் பெட்டி கேளுங்கள். கைக்குட்டையில் சுற்றிப் பின் பாக்கெட்டில் வைத்து, பஸ்ஸில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டு வந்தவர்கள் இந்த வருஷத்திலேயே இரண்டு பேர். மெழுகுக் கட்டியை வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டில் வைக்காதீர்கள், உருகிவிடும்.